நேற்றுக் கற்றவர் இன்று கற்பிப்பவர்

ஆண்டு விழாவில் நடனத்துக்கும் நாடகத்துக்கும் இசை எங்கிருந்து வருகிறது என்று நம் பள்ளிச் சிறுமியரைக் கேட்டால், மேடையோரம் நிற்கும் ஒலிபெருக்கியைச் சுட்டிக் காட்டுவார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஒரு பதிவு. பதிவுக்குப் பின்னால் யாரோ, எங்கோ, என்றோ வாசித்த ஒரு வயலின். அதை வாசித்த கை எப்படி அசைந்தது, வில் தந்தியில் படும்போது எழும் சிறு கரகரப்பு எப்படிப்பட்டது, வாசித்தவர் எந்த இடத்தில் மூச்சை இழுத்து நிறுத்தினார் என்பவை நம் கண்ணுக்கு எட்டுவதில்லை. இசையைக் கேட்டு வளர்ந்த குழந்தைகள் நம்மிடையே ஏராளம். இசை உண்டாவதைக் கை நீட்டினால் தொடக்கூடிய தொலைவில் இருந்து பார்த்தவர்களோ மிகச் சிலர்.

இந்தக் குறையை வேறு நாடுகளில் எவ்வாறு தீர்க்க முயன்றார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். அதிலும், புகழ்பெற்ற வித்துவான்களைக் கொண்டு செய்த முயற்சிகளைக் காட்டிலும், தாமே இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் இளம் வாத்தியக்காரர்களைக் கொண்டு செய்தவற்றையே நாம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். 'ஆர்க்கெஸ்ட்ரா' என்றதும் திருமண வரவேற்பில் திரைப்படப் பாடல்கள் பாடும் மெல்லிசைக் குழுதான் நமக்கு நினைவுக்கு வரும். இங்கே நாம் பேசப்போவது மேல்நாட்டுச் செவ்விசை வாசிக்கும் பெருங்குழு. அதில் எண்பது, தொண்ணூறு பேர் அரைவட்டமாக அமர்ந்திருப்பர். அவர்கள் நான்கு குடும்பத்தார். வயலின், வயோலா, செல்லோ, டபிள் பாஸ் என்னும் தந்திக் கருவிக்காரர்கள் முன்வரிசையில். எண்ணிக்கையில் இவர்களே பெரும்பான்மையினர். நடுவில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன் என்னும் மரக்குழல்கள். அவர்களுக்குப் பின்னால் ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா என்னும் பித்தளைக் குழல்கள். கடைசியில், எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டு, டிம்பனியும் ஜால்ராவும் முழக்குவோர்.

நம் கச்சேரிகளில் தம்புராவைக் கொண்டு சுருதி சேர்ப்பது போல, அங்கே ஓபோக்காரர் ஒரு ஸ்வரத்தை நீட்டி ஊத, மற்றவர்கள் தத்தம் கருவியை அதனோடு சேர்த்துக்கொள்வர். இந்த ஓபோ நம் நாகஸ்வரத்துக்குத் தூரத்து உறவு. இரண்டிலும் நாணலைச் சீவிச் செய்த இரட்டை நாக்குச் சீவாளியை வாயில் வைத்தே ஊதுகிறார்கள். கிளாரினெட்டோ ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் வாசிப்பால் நம் கருநாடக இசை மேடைக்கே சொந்தமாகிவிட்ட கருவி. வயலினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடமிருந்து அதைக் கற்று, நம் இசைக்கு ஏற்றவாறு வாசிக்கத் தொடங்கி ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள் நின்றும் நாற்காலியில் அமர்ந்தும் தோளில் வைத்து வாசிப்பதை, நாம் தரையில் அமர்ந்து அதன் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறோம். ஆகவே இந்தப் பெருங்குழு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அதன் உறுப்பினர் பலர் நம் வீட்டுக்கு வந்து போனவர்களே.

இனி, இளையோர் இளையோருக்குக் கற்பித்த வரலாற்றுக்கு வருவோம். அதன் பழைய பக்கம் ஒன்று பெண் பிள்ளைகளைப் பற்றியது என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

இத்தாலியில் வெனிஸ் நகரில் 'பியெத்தா' என்னும் அனாதை இல்லம் ஒன்று இருந்தது. பெற்றோரால் கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகளை ஏற்று வளர்ப்பதற்காக 14-ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட இல்லம் அது. அங்கு வளர்ந்த பெண் பிள்ளைகளுள் இசை நாட்டம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துப் பாடவும் வாத்தியம் வாசிக்கவும் பழக்கினார்கள். 1703-இல் அவர்களுக்கு வயலின் கற்பிக்க அமர்த்தப்பட்டவர், அதே ஆண்டில் குருப்பட்டம் பெற்றிருந்த 25 வயது இளைஞர். சிவந்த தலைமுடி காரணமாக ஊரார் அவரைச் செம்முடிச் சாமியார் என்றே அழைத்தனர். அவர்தாம் அந்தோனியோ விவால்டி. அவர் எழுதிய இசைப் படைப்புகளுள் பலவற்றை முதலில் வாசித்தவர்கள் இந்தப் பிள்ளைகளே. ஆலயத்தின் மாடத்தில், கம்பித் தட்டிக்குப் பின்னால், முகம் தெரியாதபடி இருந்து வாசிப்பார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் பயணிகள் வந்து கேட்டுவிட்டுச் சென்று வியந்து எழுதினார்கள்.

விவால்டியின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் நம் பாடத்துக்கு வேண்டிய செய்தி வேறு. அங்கே சிறுமியருக்கு அன்றாடம் கற்பித்தவர்கள் பெரும்பாலும் மூத்த பிள்ளைகளே. நன்கு தேறியவர்கள் ஆசிரியை என்னும் பட்டம் பெற்று, அடுத்து வரும் பிள்ளைகளைப் பழக்கினார்கள். குடும்பப் பெயர் இல்லாத அவர்களுக்கு அவர்கள் வாசித்த கருவியே குடும்பப் பெயராயிற்று. 'வயலின் அன்னா மரியா' என்று புகழ்பெற்றவர் அவ்வாறு சிறுமியாகக் கற்று, பின் ஆசிரியையாகி, தம் முதுமை வரை அவ்வில்லத்திலேயே வாழ்ந்தவர். மணம் செய்துகொண்டு வெளியேறினால் பொது மேடையில் வாசிப்பதில்லை என்று உறுதி தர வேண்டியிருந்தது என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அத்தனை ஆண்டுப் பயிற்சியும் திருமணத்தோடு உறைக்குள் போய்விடும். இன்றும் நம்மிடையே இது நடக்கவில்லையா என்று தாய்மார் தம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டில், பள்ளிக் குழந்தைகளைக் கச்சேரி மண்டபத்துக்கு அழைத்துவரும் முயற்சி மும்முரமாயிற்று. 1923-இல் லண்டனில் ராபர்ட் மேயர் என்னும் வணிகர், பாடகியான தம் மனைவி டாரத்தியுடன் சேர்ந்து குழந்தைகளுக்கென்றே கச்சேரிகள் தொடங்கினார். (இந்த மேயர் 105 வயது வரை வாழ்ந்தார். இசை கேட்டால் ஆயுள் கூடும் என்று நாம் சொல்லவில்லை, செய்தியாகச் சொல்கிறோம்.) 1936-இல் மாஸ்கோவில், குழந்தைகள் நாடக அரங்கை நடத்திவந்த நடாலியா சாட்ஸ் என்னும் பெண்மணியின் வேண்டுகோளின்படி, புரோகோஃபியெவ் என்னும் இசையமைப்பாளர் பீட்டரும் ஓநாயும் என்ற இசைக்கதையை எழுதினார். அதில் பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், முணுமுணுக்கும் தாத்தாவுக்குப் பஸூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன்கள். சிறுவன் பீட்டருக்கோ தந்திக் கருவிகள் அனைத்தும். அமெரிக்காவில் 1958 முதல் 1972 வரை லியனார்ட் பெர்ன்ஸ்டைன் குழந்தைகளுக்காக நடத்திய கச்சேரிகளைத் தொலைக்காட்சி வழியே நாடே பார்த்தது.

இவை யாவும் நல்ல முயற்சிகள். ஆயினும் ஒரு வேலி இருந்தது. மேடையில் கறுப்புக் கோட்டு அணிந்த பெரியவர்கள். கீழே வரிசையாக, சத்தம் போடாமல் அமர்த்தப்பட்ட சிறியவர்கள். எவ்வளவு அழகாக வாசித்தாலும், 'இது அவர்கள் செய்வது, நாம் கேட்பது' என்றே குழந்தை நினைக்கும். 'நானும் செய்யலாம் போலிருக்கிறதே' என்ற எண்ணம் அக்குழந்தைக்கு எப்போது வரும்? பக்கத்து வீட்டு அக்கா சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்தால் அல்லவா நமக்கும் ஆசை வருகிறது! சைக்கிள் பந்தய வீரரைப் பார்த்து நாம் கைதட்டுவோம். அக்காவைப் பார்த்தால், எனக்கும் ஒரு தடவை கொடு என்போம்.

வேலியைத் தாண்டிய முதல் கூட்டத்தாருள் இங்கிலாந்தின் தேசிய இளையோர் இசைக்குழு ஒன்று. ரூத் ரெயில்டன் என்ற இளம் பெண்மணி, போர் முடிந்து ரேஷன் அட்டையோடு மக்கள் வரிசையில் நின்ற காலத்தில், நாடெங்கும் சென்று பள்ளிப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பொறுக்கி எடுத்தார். 1948 ஏப்ரலில் பாத் நகரில் அக்குழுவின் முதல் கச்சேரி நடந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பெருங்குழுவில் அமர்ந்து வாசிப்பதைப் பலர் அன்று நம்பவில்லை. ஒரு பெண் இதை நடத்துவதையும் சிலர் விரும்பவில்லை. ஹென்றி வுட் என்பவர் லண்டனில் தம் குழுவில் ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1913-இல்தான். புகழ்பெற்ற வியன்னா பில்ஹார்மோனிக் குழுவோ, முழு உறுப்பினராகப் பெண்ணை ஏற்றது 1997-இல்! இந்தப் பின்னணியில் ரெயில்டன் அம்மையாரின் துணிவை எண்ணிப் பார்க்க வேண்டும். அண்மைக் காலத்தில் இக்குழுவின் பிள்ளைகள், மேடையில் வாசிப்பதோடு நிற்காமல், பள்ளிகளுக்கும் சென்று தம் வயதொத்த மாணவர்களோடு சேர்ந்தமர்ந்து வாசிக்கிறார்கள்.

1977-இல் இதே நாட்டில் வேறொரு வழியில் தொடங்கியவர் வயலின் மேதை யெஹூதி மெனுஹின். 1952-இல் இந்தியா வந்து நம் இசையைக் காதலித்தவர், ரவிசங்கரோடு சேர்ந்து வாசித்தவர் என்ற முறையில் நம் பெற்றோர் அவரை அறிவர். 1945-இல், பெர்கன் பெல்சன் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர்களுக்காக, பெஞ்சமின் பிரிட்டன் பியானோ வாசிக்க, அவர் வயலின் வாசித்தார். கச்சேரி மண்டபத்துக்கு வர இயலாதவர்களை இசை தேடிச் செல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காக, தொழிலில் அடியெடுத்து வைக்கும் இளம் வாத்தியக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு ஊதியம் தந்து, பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அனுப்பும் அமைப்பை, இயன் ஸ்டௌட்ஸ்கருடன் சேர்ந்து நிறுவினார். 'லைவ் மியூசிக் நவ்' என்பது அதன் பெயர். இசை நேரில், இப்போதே என்பது பொருள்.

இத்தகைய வகுப்பு நடக்கும் விதத்தைச் சற்று மனக்கண்ணால் பார்ப்போம். மேடை கிடையாது. மூன்று நான்கு இளைஞர்கள் வகுப்பறைத் தரையின் நடுவே நாற்காலி போட்டு அமர்வார்கள். குழந்தைகள் சுற்றிலும் சம்மணமிட்டு இருப்பார்கள். செல்லோ வாசிக்கும்போது தரையே அதிர்கிறது என்பதைத் தரையில் அமர்ந்திருப்பவரே அறிவர். எந்த ஒலிபெருக்கியும் அதை இவ்வாறு தருவதில்லை. காது கேளாத குழந்தை கருவியின் மரத்தில் உள்ளங்கையை வைத்து அந்த அதிர்வை உணரலாம். ஹார்ன் வாசிப்பவர் தம் கருவியைக் கீழே வைத்துவிட்டு, உதட்டை மட்டும் அதிரவிட்டுக் காட்டுவார். வகுப்பே சிரித்துக்கொண்டு அப்படிச் செய்து பார்க்கும். பிறகு கேள்விகள். விரல் வலிக்காதா? தப்பாக வாசித்தால் என்ன செய்வீர்கள்? எத்தனை வருஷம் ஆயிற்று? இந்தக் கேள்விக்கு அறுபது வயது வித்துவான் 'ஐம்பது வருஷம்' என்று பதில் சொன்னால் குழந்தைகள் மலைத்துப் போவார்கள். இருபது வயதுப் பெண் 'உன் வயதில்தான் நானும் ஆரம்பித்தேன், முதல் வருஷம் முழுவதும் பூனை கத்துவது போலத்தான் இருந்தது' என்று சொன்னால் அதன் பலனே வேறு.

வாசிப்பவருக்கும் இதில் படிப்பு உண்டு. சபை நாகரிகத்துக்காகக் கைதட்டும் வழக்கம் ஆறு வயதுக் குழந்தையிடம் கிடையாது. சலித்தால் சன்னலைப் பார்க்கும். அந்தச் சன்னலிலிருந்து அதன் கண்ணைத் திருப்பக் கற்ற வாத்தியக்காரருக்கு எந்தச் சபையும் அச்சம் தராது.

இனி தென் அமெரிக்காவுக்குப் போவோம். இந்த எண்ணம் ஒரு நாடு முழுவதும் வேர்விட்டது அங்கேதான்.

வெனிசுவேலா எண்ணெய் வளம் மிகுந்த நாடு. ஆனால் தலைநகர் கராக்கஸைச் சுற்றியுள்ள மலைச் சரிவுகளில் ஏழைகளின் செங்கல் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல நெருங்கி நிற்கும். அன்று அந்நாட்டிலிருந்த பெருங்குழுக்களில் வாசித்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். உள்நாட்டு இளைஞர்களுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிதாயிருந்தது. ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் பொருளாதாரமும் இசையும் கற்றவர். 1975 பிப்ரவரியில், நூறு பிள்ளைகள் வருவார்கள் என்று எதிர்பார்த்து, ஐம்பது நோட்டுத் தாங்கிகளை ஒரு கார் கொட்டகையில் வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தார். வந்தவர்கள் 11 பேர். மூடிவிட்டுப் போவதா, இந்தப் பதினொருவரைப் பெருக்குவதா என்ற கேள்வி அன்றிரவு தம் முன் நின்றது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெருக்குவதென்று முடிவு செய்தார். ஏப்ரல் 30-ஆம் நாள் முதல் கச்சேரி நடந்தது. அடுத்த ஆண்டு, ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரில் நடந்த இளையோர் இசைக்குழு விழாவுக்கே போய்விட்டார்கள்.

அவர் கையாண்ட முறை என்ன? 'எல் சிஸ்டேமா', அதாவது 'அமைப்பு', என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஏற்பாட்டில், பள்ளி விட்டதும் பிள்ளைகள் பக்கத்து மையத்துக்கு வருவார்கள். வாரத்தில் பெரும்பாலான நாட்களும், நாளுக்குச் சில மணி நேரமும் பயிற்சி. கட்டணம் இல்லை, கருவி கடனாகத் தரப்படும். வழக்கமான இசைப் பள்ளியில் ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், மூடிய கதவு. அங்கே சில ஆண்டுகள் தனியே பயின்ற பிறகுதான் குழுவில் இடம். இங்கோ முதல் வாரத்திலிருந்தே குழுதான் வகுப்பு. இரண்டு ஸ்வரம் தெரிந்த குழந்தைக்கு அந்த இரண்டு ஸ்வரம் மட்டுமே வரும் பகுதி தரப்படும். பக்கத்து நாற்காலியில் நான்கு ஸ்வரம் தெரிந்த அக்கா இருப்பாள். விரல் தவறினால் அவளே திருத்துவாள். அவளுக்கு அப்பால் பத்து ஸ்வரம் தெரிந்த அண்ணன். இவர்களெல்லாம் பின்னர் அந்த மையத்திலேயே ஆசிரியர்களாயினர். ஆசிரியர் பற்றாக்குறையால் பிறந்த வழியாகவும் இது இருக்கலாம். எப்படியிருப்பினும், வெனிஸ் இல்லத்தில் நாம் பார்த்ததுதான் இங்கும் நடந்தது.

கருவி ஏந்த முடியாத பச்சைப் பிள்ளைகளுக்கு அங்கே காகிதக் குழு உண்டு. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து காகிதக் கூழும் அட்டையும் கொண்டு வயலினும் செல்லோவும் செய்வார்கள். சத்தம் வராது. ஆனால் வில்லைப் பிடிப்பது, அமர்வது, எழுவது, கருவியைக் கீழே போடாமல் காப்பது எல்லாம் அதில்தான் பழகும். சத்தம் வராத வயலினைத் தன் கையாலேயே ஒட்டி, வண்ணம் தீட்டி, பாதுகாத்த பிள்ளையிடம் மர வயலினை நம்பிக் கொடுக்கலாம். மழலைப் பள்ளி சிஸ்டர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். செலவு மிகக் குறைவு. பார்கிசிமேட்டோ நகரில் வேறொரு குழு உண்டு. காது கேளாத பிள்ளைகள் வெள்ளைக் கையுறை அணிந்து நின்று, மற்றவர்கள் பாடும் பாட்டைத் தம் கைகளின் அசைவால் 'பாடுவார்கள்'. அதற்கு வெண்கைப் பாடகர் குழு என்று பெயர்.

அதே பார்கிசிமேட்டோவில் 1981-இல் பிறந்தவர் குஸ்டாவோ டுடமெல். அவருடைய தந்தை டிராம்போன் வாசிப்பவர். மகனுக்கும் அதே கருவி மீதுதான் ஆசை. ஆனால் கை எட்டவில்லை. ஆகவே வயலின் எடுத்தார். வீட்டில் பொம்மைகளை அரைவட்டமாக அடுக்கி வைத்து, இசைத்தட்டைப் போட்டுவிட்டு, பொம்மைகளுக்கு முன் நின்று கை அசைப்பாராம். 18 வயதில் சீமோன் பொலிவார் இளையோர் குழுவை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. 2007-இல் அக்குழு லண்டன் புரோம்ஸ் விழாவில் வாசித்தபோது சபை எழுந்து ஆர்ப்பரித்தது. 2009-இல் அவர் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக் குழுவின் இயக்குநரானார். எடிக்சன் ரூயிஸ் என்னும் மற்றொருவர், கராக்கஸின் எளிய குடியிருப்பு ஒன்றிலிருந்து வந்து, டபிள் பாஸ் பயின்று, 17 வயதில் பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவில் இடம் பெற்றார். இந்த எண்ணம் ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் நகரின் ராப்ளாக் என்னும் ஏழைக் குடியிருப்புக்கும் 2008-இல் சென்றது. 2012 ஜூனில், கொட்டும் மழையில், அந்தப் பிள்ளைகள் டுடமெல்லின் குழுவோடு சேர்ந்து திறந்தவெளியில் வாசித்தார்கள்.

நல்ல செய்திகளையே அடுக்கிக்கொண்டு போனால் இது விளம்பரமாகிவிடும். குறைகளையும் பார்ப்போம். இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் ஜெஃப் பேக்கர் 2014-இல் எழுதிய நூலில், இவ்வமைப்பில் அதிகாரம் மேலிருந்து கீழே பாய்கிறது, பிள்ளைகள் சொன்னதைச் செய்வார்களே தவிர வாய் திறந்து கேட்பதில்லை, ஓயாத ஒத்திகை சிறுவரைக் களைக்கச் செய்கிறது என்றெல்லாம் குற்றம் சாட்டினார். ஏறத்தாழ 2,900 பிள்ளைகளை வைத்து நடத்தி 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், தன்னடக்கம் சற்றுக் கூடியதும் முரட்டுத்தனம் சற்றுக் குறைந்ததும் தெரிந்தன. ஆனால் அறிவுத்திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. சேர்ந்த பிள்ளைகளுள் மிக ஏழைகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்பதும் தெரிய வந்தது. அரசின் பணத்தால் நடப்பதால் அரசின் நிழலும் விழுந்தது. 2017-இல், வீதிப் போராட்டத்தில் அவ்வமைப்பில் பயின்ற இளம் வயோலாக்காரர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். டுடமெல் வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். பின்னர் அவரது குழுவின் அமெரிக்கப் பயணத்தை அரசு ரத்துச் செய்தது. பொருளாதாரச் சீர்குலைவால் லட்சக்கணக்கானோர் நாட்டை விட்டு வெளியேறியபோது வாத்தியக்காரர்களும் வெளியேறினார்கள். 2021 நவம்பரில் 8,573 பேர் கராக்கஸில் ஒன்றாக வாசித்து உலக சாதனை படைத்தார்கள். அவ்வளவு பேர் கூடியது வியப்புத்தான். ஆனால் கடைசி வரிசைக் குழந்தைக்கு முதல் வரிசையின் ஒலி கேட்டிருக்குமா என்ற ஐயம் நமக்கு எழாமல் இல்லை. கார் கொட்டகையில் பதினொருவர் வாசித்தபோது அந்தக் குறை இருந்திராது.

அறிவுத்திறன் கூடவில்லை என்று கண்ட ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை. இசை கற்றால் கணக்கு வரும், மார்க்கு ஏறும் என்று சொல்லிப் பெற்றோரை இணங்க வைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நாமும் அப்படிச் சொன்னவர்கள்தாம். அப்படிச் சொன்னதன் பலன் என்ன? அரசுப் பொதுத் தேர்வு நெருங்கியதும் இசைப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறோம். மார்க்குக்காகத்தான் இசை என்றால், கணக்கு டீச்சர் அதைக் கேட்பதில் தவறே இல்லையே! ஜனவரி மாதம் வந்தால் நம் ஹார்மோனியத்தின் மேல் துணி போர்த்தப்பட்டுவிடுகிறது. எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தான் பாடிய பாட்டின் இரண்டாம் குரல் முதற்குரலோடு சேர்ந்து ஒலித்த அந்த நிமிடத்துக்காக இசைப் பாடம் வேண்டும் என்று கேட்டால், அவளுக்கு நாம் வைத்திருக்கும் பதில் என்ன? இதைப் பெற்றோரும் ஆசிரியரும் கூடும் அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று விரும்புகிறோம்.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. மேற்கு வங்கத்தில் இமயமலை அடிவாரத்தில் கலிம்போங் என்னும் ஊரில், இயேசு சபைக் குருவான எட்வர்ட் மகுயர் 1993-இல் காந்தி ஆசிரமப் பள்ளியைத் தொடங்கினார். கூலி வேலை செய்வோரின் பிள்ளைகளே அங்கு படிப்போர். கணக்கையும் மொழியையும் போலவே வயலினும் அங்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடம். நம் சென்னையில் ஏ.ஆர். ரகுமான் 2008-இல் நிறுவிய இசைக் கல்லூரியைச் சேர்ந்த 'சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா', வசதி குறைந்த வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி மேல்நாட்டு இசைக்கருவிகளைக் கற்பித்து உருவாக்கிய குழு.

நம்மிடம் செல்லோவும் ஓபோவும் இல்லை. ஆனால் உயர் வகுப்பு மாணவியருள் வீட்டில் வயலின், வீணை, கிட்டார், மிருதங்கம், கீபோர்டு பயில்வோர் ஒரு பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்கள் ஆறாம் வகுப்புச் சிறுமியருக்கு நடத்தக்கூடிய ஒரு பாடத்தைக் கீழே தருகிறோம்.

முதலில் ஒலிபெருக்கி வேண்டாம். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் வட்டமாக உட்காருங்கள். ஒவ்வொருவரும் தம் கருவியில் ஒரே ஒரு வரியை வாசித்துக் காட்டுங்கள். பாடல் எல்லோரும் அறிந்ததாக இருக்கட்டும். ஒரே வரி வீணையில் எப்படி ஒலிக்கிறது, வயலினில் எப்படி ஒலிக்கிறது என்று சிறுமியரே சொல்லட்டும். பிறகு கருவியை அவர்கள் கையில் கொடுங்கள். தந்தி அறுந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம்.

இது முடிந்தபின் பதிவைப் போடுங்கள். பெல்சன் முகாமில் மெனுஹினோடு பியானோ வாசித்ததாகச் சொன்னோமே, அந்த பெஞ்சமின் பிரிட்டன், கருவிகளைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் கல்விப் படம் ஒன்றுக்காக எழுதி, 1946-இல் அரங்கேறிய படைப்பு ஒன்று உண்டு. 'இளையோருக்கு ஆர்க்கெஸ்ட்ரா வழிகாட்டி' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஏறக்குறைய 17 நிமிடம் ஓடும். பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில இசையமைப்பாளர் பர்செல் எழுதிய மெட்டு ஒன்றை முதலில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். அடுத்து நான்கு குடும்பங்களும் ஒவ்வொன்றாக அதையே வாசிக்கும். பிறகு ஒவ்வொரு கருவியும் தனித்தனியே முன்வந்து அந்த மெட்டைத் தன் வழியில் மாற்றி வாசிக்கும். ஓபோ வரும்போது நாகஸ்வரத்தை நினைத்துக்கொண்டு கேளுங்கள். டபிள் பாஸ் வரும்போது சிறுமியர் சிரித்தால் தடுக்க வேண்டாம்.

கடைசிப் பகுதியில்தான் கவனம் வேண்டும். மிகச் சிறிய குழலான பிக்கோலோ, புதிய மெட்டு ஒன்றைத் தனியாக, வேகமாகத் தொடங்கும். அது நிற்காது, அதன் பின்னே புல்லாங்குழல்கள் அதே மெட்டோடு வந்து சேரும், பிறகு ஓபோ, பிறகு கிளாரினெட் என்று முன்பு அறிமுகமான அதே வரிசையில் ஒவ்வொருவராக நுழைவார்கள். சிறுமியர் ஒவ்வொருவருக்கும் ஒரு கருவியின் பெயரைச் சூட்டிவிடுங்கள். தன் கருவி நுழையும் நொடியில் அவரவர் எழுந்து நிற்க வேண்டும். எல்லோரும் நின்றிருக்கும் வேளையில், அத்தனை பரபரப்புக்கும் மேலாக, தொடக்கத்தில் கேட்ட பர்செலின் மெட்டு பித்தளைக் குழல்களில் நிதானமாகத் திரும்பி வரும். அதை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவள் யார் என்று பாருங்கள்.